சொந்தமாக ஒரு சிறு விமானம்: பழையதா, புதியதா, நாமே கட்டுவதா?

சொந்தமாக ஒரு சிறு விமானம் வாங்க நினைப்பவருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. நாற்பது ஐம்பது வயதான செஸ்னா அல்லது பைப்பர் ஒன்றை வாங்கி, தேவையானதை மாற்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம். தொழிற்சாலையிலிருந்து புத்தம் புதிதாக எடுக்கலாம். பாகங்களை வாங்கித் தானே கட்டலாம். மின்சார விமானத்துக்குப் போகலாம்.

வேகம் எவ்வளவு, எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு மூன்று கேள்விகள். இன்னும் 15 ஆண்டுகள் கழித்து இதற்கு எரிபொருள் கிடைக்குமா? உதிரிபாகம் கிடைக்குமா? இதைப் பழுதுபார்க்கச் சட்டப்படி யாருக்கு அனுமதி உண்டு? நன்றாகப் பராமரித்தால் ஒரு சிறு விமானம் அரை நூற்றாண்டு பறக்கும். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போனால், எவ்வளவு அழகான விமானமும் ஹேங்கரிலேயே நிற்க வேண்டியதுதான். இப்படிக் கேட்டுப் பார்த்தால், பழைய விமானம் பலர் நினைப்பதைவிட வலுவாகவே நிற்கிறது.

சந்தையில் ஏன் இவ்வளவு பழைய விமானங்கள் என்று புதியவர்கள் வியப்பார்கள். 1978-ல் அமெரிக்காவில் மட்டும் 17,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்கள் தயாராயின. 1994-ல் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. எப்போதோ விற்ற விமானம் விழுந்தாலும் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட முடிந்தது. அந்தப் பொறுப்பின் சுமையைக் காரணம் காட்டி செஸ்னா 1986-ல் தன் பிஸ்டன் விமானங்களை நிறுத்தியது. விமானத்துக்கு 18 வயதானபின் தயாரிப்பாளர் மேல் வழக்குத் தொடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1994-ல் வந்த பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். அதனால் இன்று விற்பனைக்கு வரும் விமானங்களில் பெரும்பகுதி அந்த இடைவெளிக்கு முன்னால் பிறந்தவை.

பழையதை வாங்கிப் புதுப்பிப்பது

செஸ்னா 172 முதன்முதலில் பறந்தது 1955-ல். இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கின்றன. வேறெந்த விமானமும் இவ்வளவு எண்ணிக்கையில் தயாரானதில்லை. இந்த எண்ணிக்கைதான் அதன் பெரிய பலம். உதிரிபாகம் கிடைக்கும், அதைத் தெரிந்த மெக்கானிக் எங்கும் இருப்பார், மாற்றங்களுக்கான அனுமதிகளும் ஏற்கனவே வாங்கப்பட்டிருக்கும். இந்த வகை விமானம் ஒன்று 1958 டிசம்பரில் லாஸ் வேகஸில் மேலே ஏறி, ஓடும் லாரியிலிருந்து எரிபொருள் ஏற்றிக்கொண்டு, 64 நாட்களுக்கும் மேல் தரையிறங்காமல் பறந்தது. பழைய, அடக்கமான எஞ்சின்கள் எவ்வளவு உழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எரிபொருள் விஷயத்திலும் இந்த அடக்கம் கைகொடுக்கிறது. பிஸ்டன் விமானங்கள் குடிக்கும் வழக்கமான ஆவ்காஸில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 மே 1-க்குப் பிறகு அந்த ஈயச் சேர்மத்தைத் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. அமெரிக்கா 2030 முடிவுக்குள் ஈயத்தை விட்டுவிடுவது என்று இலக்கு வைத்திருக்கிறது. ஈயம் சேர்ப்பதே ஆக்டேனை உயர்த்தத்தான். அந்த உயர் ஆக்டேன் கட்டாயம் வேண்டியது பெரிய, அழுத்த விகிதம் கூடிய எஞ்சின்களுக்கு. 1960-களின் செஸ்னா 172-ல் இருந்த 145 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், பைப்பரின் செரோக்கி 140-ல் இருந்த 150 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின் இரண்டும் 80 ஆக்டேனுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. ஈயமில்லாத 94 ஆக்டேன் எரிபொருள் இவற்றுக்குத் தாராளம். ஆக, ஈயம் போன பிறகும் கவலையின்றிப் பறக்கக்கூடியவை வரிசையின் கடைசியில் இருக்கும் இந்தக் கிழட்டு விமானங்கள்தான்.

சரி, வாங்கியாயிற்று. எதை முதலில் மாற்றுவது? இங்கேதான் பலரின் பணம் தவறான இடத்துக்குப் போகிறது. எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது பைலட்டுக்கு முன்னால் இருக்கும் கருவிப் பேனல். பெரிய வண்ணத் திரை, தொடுதிரை ஜிபிஎஸ் என்று கை அங்கேதான் போகும். என் வரிசை நேர் எதிர்.

முதலில் தோளைக் கட்டும் பாதுகாப்புப் பட்டை. 1978 ஜூலைக்குப் பின் தயாரான சிறு விமானங்களில்தான் முன் இருக்கைகளுக்கு அது அமெரிக்க விதிப்படி கட்டாயம். அதற்கு முந்தைய பல விமானங்களில் இடுப்புப் பட்டை மட்டும்தான் இருக்கும். மெதுவாக மோதும் விபத்தில்கூடத் தலை பேனலில் அடிபட்டு இறப்பவர்கள் உண்டு. இதைச் செய்யாமல் திரை வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கூடவே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று. இந்த விமானங்களில் கேபினைச் சூடாக்கும் காற்று, புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறை வழியாகத்தான் வருகிறது. குழாயில் ஒரு விரிசல் விட்டால் விஷவாயு நேராக உள்ளே வரும்.

அடுத்து எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் வெப்பம் காட்டும் மானிட்டர். வால்வு எரியத் தொடங்குவது, இன்ஜெக்டர் அடைபடுவது போன்றவை சிலிண்டர் உடைவதற்கு வெகு முன்னாலேயே அதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, வேக்யூம் பம்ப்பைத் தூக்கி எறிவது. பழைய விமானத்தில் செயற்கை அடிவானக் கருவி அந்தப் பம்ப் இழுக்கும் காற்றில்தான் சுழலும். எண்ணெய் இல்லாமல் ஓடும் இந்த உலர் பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். மேகத்துக்குள் இருக்கும்போது கருவி மெல்ல மெல்லச் சாய, பைலட்டும் அதை நம்பி விமானத்தைச் சாய்ப்பார். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கார்மின் ஜி5 அல்லது ஜிஐ 275 போன்ற மின்னணுக் கருவிகள், தங்களுக்கென்று பேட்டரியோடு, பழைய துளையிலேயே உட்கார்ந்துகொள்கின்றன. அப்புறம் ஆட்டோபைலட். தனியாகப் பறப்பவர் குழம்பிப்போன நேரத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் இறக்கைகளைச் சமன்படுத்தும் இன்றைய ஆட்டோபைலட், திரையைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. பெரிய திரை கடைசியில்தான். பணம் மிஞ்சினால் போடுங்கள். மிஞ்சாவிட்டால் குறை ஒன்றுமில்லை.

பழைய விமானத்தின் உண்மையான எதிரி வயதைவிட, சும்மா நிற்பதுதான். லைகமிங் எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. வாரக்கணக்கில் ஓடாமல் இருந்தால் எண்ணெய் வடிந்து இறங்கி, கேம் காய்ந்து துருப்பிடிக்கும். 2000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அப்போது எஞ்சினை முழுதும் பிரித்துச் சீராக்கும் ஓவர்ஹால் என்று அந்த நிறுவனம் பரிந்துரைப்பதில் ஆண்டுக் கணக்கும் சேர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். லாக்புக்கில் மணி நேரம் குறைவு என்று மகிழ்ந்து வாங்குவதைவிட, வாரந்தோறும் பறந்த விமானத்தை வாங்குவது நல்லது. உடல் சோர்வும் உண்டு: 2018 ஏப்ரலில் டேடோனா பீச்சில் ஒரு பயிற்சிப் பைப்பரின் இறக்கை வானிலேயே பிரிந்து இருவர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த வகையில் நிறைய உழைத்த விமானங்களின் இறக்கைத் தாங்குசட்டத்தில் விரிசல் சோதனை கட்டாயமானது.

புதியதை வாங்குவது

புதியதில் இரண்டு குணங்களை எதிரெதிரே வைக்கலாம். சிரஸ் எஸ்ஆர்22 வேகமானது. 310 குதிரைத்திறன், சுமார் 180 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). முழு விமானத்தையும் இறக்கும் பாராசூட் அதில் உண்டு. அது முதல் முறை உயிர் காத்தது 2002-ல். ஆனால் பாராசூட் இருந்தும் ஆரம்ப ஆண்டுகளில் அதன் விபத்துக் கணக்கு எதிர்பார்த்த அளவு நன்றாக இல்லை. தயங்காமல், உயரம் இருக்கும்போதே இழுக்கச் சொல்லிப் பைலட்களைப் பழக்கிய பிறகுதான் நிலைமை தெளிவாக மாறியது. 2025-ல் வந்த ஜி7+ மாடலில், பைலட் மயங்கிவிட்டால் பயணி ஒரு பட்டனை அழுத்த, விமானம் தானே ஓடுபாதை தேடி இறங்கும் வசதியும் சேர்ந்துவிட்டது. குடும்பத்தோடு நீண்ட தூரம் போகிறவருக்கு இதை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். பாராசூட்டைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்பதையும், எரிபொருள் கேள்வி இவரைத்தான் அதிகம் பாதிக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஜி100யூஎல் என்ற ஈயமில்லா 100 ஆக்டேனுக்கு அமெரிக்க விமானத்துறை 2022-ல் அனுமதி தந்தது. ஆனால் தன் எஸ்ஆர் விமானங்களில் அதை ஊற்றுவதைத் தான் அங்கீகரிக்கவில்லை என்று சிரஸ் 2024-ல் சொல்லிவிட்டது.

டயமண்ட் டிஏ40 என்ஜி அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போகிறது. மெர்சிடிஸ் கார் டீசல் எஞ்சினிலிருந்து உருவான 168 குதிரைத்திறன் ஆஸ்ட்ரோ எஞ்சின் அதில் இருக்கிறது. ஜெட் விமானங்கள் குடிக்கும் ஜெட் ஏ-1 எரிபொருளே இதற்கும் போதும். ஆவ்காஸ் அரிதான இடங்களில் இது பெரும் நிம்மதி. வேகத்தில் சிரஸின் பக்கத்தில்கூட வராது. எரிபொருள் செலவிலும் அப்படியே, மிகக் குறைவு. டீசலின் பழைய காயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் தலைமுறை டீசல் எஞ்சின்களைச் செய்த தீலெர்ட் நிறுவனம் 2008-ல் நொடித்துப்போனபோது, டயமண்டின் டிஏ42 வைத்திருந்தவர்கள் உத்தரவாதமும் உதிரிபாகமும் இல்லாமல் தவித்தார்கள். டயமண்ட் ஏற்கனவே உருவாக்கத் தொடங்கியிருந்த ஆஸ்ட்ரோ எஞ்சினின் தேவையை அது இன்னும் அவசரமாக்கியது. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் எஞ்சின் என்றால் என் இரண்டாவது கேள்வியை இருமுறை கேளுங்கள்.

தானே கட்டுவது

ஒப்பீடு மிகச் சுவையாவது இங்கே. புதிய செஸ்னா 172-ல் 180 குதிரைத்திறன். வேகம் 124 நாட். அதே 180 குதிரைத்திறனை ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் வடிவமைத்த, பாகங்களாக வாங்கிக் கட்டும் ஆர்வி-7-ல் வைத்தால் சுமார் 170 நாட். நான்கு இருக்கைக்குப் பதில் இரண்டு, குறைந்த எடை, ஒல்லியான உடல். வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. கருவிகளிலும் சுதந்திரம் அதிகம். முழுச் சான்றிதழ் வாங்காத கருவிகளையும் பொருத்தலாம்.

மூன்றாவது கேள்விக்கு இதுதான் முழு மதிப்பெண் வாங்குகிறது. அமெரிக்காவில் வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்களே செய்திருந்தால், கட்டியவர் தன் விமானத்தின் ஆண்டுச் சோதனையைத் தானே செய்யும் சான்றிதழ் பெறலாம். ஆனால் அந்த உரிமை விமானத்தோடு கைமாறாது. கட்டி முடித்ததை வாங்கும் இரண்டாவது உரிமையாளர் ஆண்டுச் சோதனைக்கு மெக்கானிக்கைத்தான் தேட வேண்டும். கட்டவோ 1500 முதல் 2500 மணி நேரம் வரை ஆகும். மாலைகளையும் விடுமுறைகளையும் பல ஆண்டுகள் கொடுக்க வேண்டும். ரிவெட் அடிப்பதே ஆனந்தம் என்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பறப்பதற்காக மட்டும் கட்டத் தொடங்குபவர் பாதியில் விற்றுவிடுகிறார்.

11,000-க்கும் மேற்பட்ட ஆர்வி-கள் பறந்திருந்தும், அவற்றின் பாகங்களை விற்கும் வான்ஸ் நிறுவனமே 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்க வேண்டியதாயிற்று. லேசரில் வெட்டிய பாகங்களின் துளைகளில் விரிசல் விட்டது அதற்கு ஒரு காரணம். 2024-ல் மீண்டு எழுந்தார்கள்.

மின்சாரம்

பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலக்ட்ரோ 2020 ஜூனில் ஐரோப்பியச் சான்றிதழ் பெற்றது. மின்சார விமானம் ஒன்று முழு வகைச் சான்றிதழ் பெற்றது அதுவே முதல் முறை. 57.6 கிலோவாட் மோட்டார், இரண்டு இருக்கை, அதிகபட்சம் 50 நிமிடப் பறப்பு, அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பு. ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றிப் பழகும் பயிற்சிப் பள்ளிக்கு அருமையான விமானம். சத்தம் குறைவு, புகை இல்லை. சொந்தக்காரர் வேறு ஊருக்குப் போக நினைத்தால் கணக்கு உதைக்கிறது. பேட்டரி தாங்கும் ஆற்றல், எடைக்கு எடை பெட்ரோலில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். மின்மோட்டார் அதில் வீணாக்குவது மிகக் குறைவு என்றாலும் இடைவெளி பெரிது. பெட்ரோல் எரிய எரிய விமானம் இலேசாகும். பேட்டரியோ தீர்ந்த பிறகும் முழு எடையோடு இறங்க வேண்டும். இந்த 15 ஆண்டுக் கணக்கில் தனியார் உரிமையாளருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

யாருக்கு எது

ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்கும் குறைவாகப் பறப்பவருக்கு என் முதல் பதில், மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கும் ஒரு பழைய 172 அல்லது செரோக்கி. பங்கு போடுவதால் செலவு குறைவதைவிட, விமானம் வாராவாரம் பறக்கும் என்பது பெரிய லாபம், கேம்ஷாஃப்ட் காயாது. சட்டமும் இப்போது இந்தப் பக்கம் சாய்கிறது. 2025 ஜூலையில் அறிவித்த மொசைக் என்ற அமெரிக்க விமான விதிகளின்படி, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்பு) இறக்காத நிலையில் 59 நாட் வேகத்துக்குள் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் விசையை இழக்கும்) நான்கிருக்கை விமானங்களையும் அமெரிக்காவில் ஸ்போர்ட் பைலட்கள் (எளிய வகை உரிமம் உள்ளவர்கள்) ஓட்டலாம், ஒரே ஒரு பயணியோடு. பல 172-களும் செரோக்கிகளும் அதற்குள் அடங்குகின்றன. அதனால் இவற்றைத் தேடுவோர் கூடுவார்கள், பாகம் செய்பவர்களும் நிலைப்பார்கள்.

அடிக்கடி நீண்ட தூரம் போகிறவர், எரிபொருள் நிச்சயம் வேண்டுமென்றால் டயமண்டுக்கும், நேரம் முக்கியமென்றால் சிரஸுக்கும் போகலாம். எந்தப் பழையதை வாங்கினாலும் விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கை நம்பாமல், அந்த மாடலை நன்கு அறிந்த இன்னொருவரை வைத்து வாங்குமுன் சோதனை செய்யுங்கள். ஒரு சிலிண்டரைக் கழற்றி கேம்ஷாஃப்ட்டை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். தரை விரிப்பைத் தூக்கி அலுமினியத்தில் அரிப்பு இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த விமானத்தைப் பார்க்கலாம்.