பஸ்பங்குவப் பைக்கற்: வாங்குவதும் காய்ச்சுவதும்

திருகோணமலையில் தடிமன் தொடங்கினால் ஆட்கள் முதலில் போவது பார்மசிக்கு அல்ல, பலசரக்குக் கடைக்கு. பெரிய கடையோ உப்புவெளிப் பக்கத்துப் பெட்டிக்கடையோ, கசாயம் காய்ச்சுவதற்கான ஐந்து காய்ந்த சரக்குகள் அடங்கிய பஸ்பங்குவப் பைக்கற் எங்கேயும் தொங்கும். சிங்களத்தில் ஐந்து பங்கு என்று அர்த்தம். நம்மவர்கள் கொத்தமல்லிப் பைக்கற் என்றே கேட்டு வாங்குவார்கள். அந்தப் பெயரால் ஒரு கெடுதி உண்டு: மல்லித்தண்ணிதானே என்று அளவு, நேரம் எதையும் பாராமல் குடிக்கிறார்கள். உள்ளே இருப்பதில் மல்லி ஐந்தில் ஒன்று மட்டுமே. மற்றவை வேர்க்கொம்பு, கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள். சிங்களத்தில் வெனிவெல் என்பது இந்த மரமஞ்சளைத்தான். மருந்து என்ற பெயருக்கு அதிகம் உரியதும், கவனம் தேவைப்படுவதும் அதுவே.

வாங்கும்போது பைக்கற்றைத் திருப்பி அந்தத் தண்டுத் துண்டுகளைத் தேடுங்கள். வெட்டுமுகம் பளிச்சென்ற மஞ்சளாக இருக்க வேண்டும். ஒரு துண்டைச் சுடுதண்ணியில் போட்டால் தண்ணி மஞ்சளாகும், நாக்கில் வைத்தால் கைப்பு நெடுநேரம் நிற்கும். மண்ணிறத்தில் வெளிறிக் கிடந்தால் அது பழசு, அல்லது வேறேதோ கொடி. மல்லி மலிவு என்பதால் பைக்கற் கொழுத்துத் தெரிய அதைக் கூட்டிப் போடுவது வழக்கம். முக்கால்வாசி மல்லி தெரிந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். வாடைக் காலத்தில், கார்த்திகை தொடங்கித் தை வரை, மெல்லிய பொலித்தீனுக்குள் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். பற்படாகம் சுருண்டு கறுத்திருக்கிறதா, மல்லியில் வண்டு துளைத்த பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் காயவைத்துப் பாவிப்பது சிக்கனமல்ல, எறிய வேண்டியதுதான்.

நாட்டு மருந்துக் கடையில் நிறுத்து வாங்குவது இதைவிட நல்லது. பன்னிரண்டு கழஞ்சு, அதாவது 60 கிராம், ஒரு நாளுக்கான சரக்கு. ஒவ்வொன்றும் 12 கிராம் கேளுங்கள். பற்படாகம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பூண்டுகள் விற்கப்படுவதால் அதை மட்டும் வைத்தியர் ஒருவருக்குக் காட்டிக் கேட்பது புத்தி.

இனி கசாயம் காய்ச்சும் முறை. பைக்கற்றைக் குறை சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். 60 கிராமுக்கு எட்டுப் பதம் தண்ணி விட்டு ஒரு பதமாக வற்றவைக்க வேண்டும். பதம் 240 மில்லிலீற்றர். ஆகவே 1920 மில்லி 240 ஆக இறங்க வேண்டும். பைக்கற்றின் எடை வேறாக இருந்தால், சரக்கின் எடையைப் போல் 32 மடங்கு தண்ணி, முடிவில் 4 மடங்கு மிச்சம். 40 கிராம் என்றால் 1280 மில்லி தண்ணி, 160 மில்லி கசாயம்.

கண்மதிப்பில் இது சரிவராது. ஒரு ஈர்க்குப் போதும். சட்டியில் முதலில் ஒரு பதம் தண்ணியை மட்டும் ஊற்றி, ஈர்க்கை நேராக நிறுத்தி, நனைந்த மட்டத்தில் நகத்தால் கீறிவிடுங்கள். பிறகு மீதி ஏழு பதத்தையும் சரக்கையும் போடலாம். வற்ற வற்ற அதே ஈர்க்கை விட்டுப் பார்க்க வேண்டும். சரக்கு கிடக்கும்போது மட்டம் கொஞ்சம் உயர்த்திக் காட்டும், ஆகவே கீறலுக்குச் சற்று மேலே நிற்கையில் வடித்து அளந்து பாருங்கள். கூட இருந்தால் வடித்ததைத் திரும்ப அடுப்பில் வைக்கலாம்.

மரமஞ்சளையும் வேர்க்கொம்பையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து அரை மணித்தியாலம் ஊறவிட்டால்தான் சாரம் இறங்கும். இடிக்காமல் முழுத் துண்டாகப் போட்டால் கிடைப்பது மல்லித்தண்ணிதான். மூடக்கூடாது, மூடினால் வற்றாது. அடுப்பு மெல்லிய தீயில் இருக்க வேண்டும். ஒன்றரை இரண்டு மணித்தியாலம் பிடிக்கும், சட்டியின் வாய் அகலத்தைப் பொறுத்தது. நேரமில்லையென்று தீயைக் கூட்டினால் கரையில் ஒட்டிக் கருகும், அந்தக் கருகல் வாசம் பிறகு போகாது. மண்சட்டி அல்லது எவர்சில்வர் நல்லது. புதுச் சட்டி தண்ணியை உறிஞ்சும், ஆகவே முதல் நாளே நனைத்து வையுங்கள். கண்டங்கத்தரிக்கு முள் உண்டு; தேத்தண்ணி வடி போதாது, இரண்டாக மடித்த வேட்டித் துண்டால் வடிக்க வேண்டும். இவ்வளவு நேரம் கொதித்ததில் மல்லியின் வாசமும் வேர்க்கொம்பின் வாசமும் பாதி பறந்திருக்கும். வாசம் வேண்டுமென்றால் இறக்கும்போது ஒரு துண்டு பச்சை இஞ்சியைத் தட்டிப் போடலாம். மரபுக்கு இது வெளியே, வாய்க்கு நல்லது.

வளர்ந்தவருக்குக் காலை 120 மில்லி, மாலை 120 மில்லி. மிச்சம் வைப்பதில்லை. நம்மூர் வெக்கைக்கு அடுத்த நாளே புளித்துப் போகும். அதே சக்கையை இரண்டாம் தரம் காய்ச்சுவதிலும் பிரயோசனமில்லை.

பலன் என்ன? தடிமன், தொண்டைக் கரகரப்பு, மேல்வலி, பசியின்மை ஆகியவற்றுக்கு இதமாக இருக்கும்; சூடான கைப்புக் குடிநீர் சளியை இளக்கும், வியர்க்கவைக்கும். சாதாரண தடிமன் ஒரு வாரத்தில் தானாகவே மாறும். அந்த வாரத்தைச் சுகமாகக் கடத்த உதவுகிற பொருள் என்ற அளவில் இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

காய்ச்சல் வந்தால் கதை வேறு. இந்த மாவட்டத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவை நினைக்காமல் இருக்க முடியாது. 2017இல் நாடு முழுக்க 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது, கிண்ணியா அந்த வருடத் தொடக்கத்திலேயே மோசமாக அடிபட்டது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல, அது இறங்கும்போதுதான், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் நேரம் அது. இரண்டு நாள் கசாயம் குடித்தவருக்கு மூன்றாம் நாள் உடம்பு குளிர்ந்தால், கசாயம் வேலை செய்திட்டுது என்று வீட்டில் எல்லோரும் நம்புவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பிந்துவது அப்படித்தான். மூன்றாம் நாளுக்குள் முழு இரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும், கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் முதல் நாளே. வயிற்று வலி, விடாத சத்தி, கைகால் குளிர்தல், சலம் குறைதல் தெரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. டெங்கு சந்தேகம் உள்ளவருக்குச் சிவப்பு, மண்ணிறப் பானங்கள் கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். சத்தி எடுத்தால் அது குடித்ததா இரத்தமா என்று பிரித்தறிய முடியாது. பஸ்பங்குவக் கசாயம் கடும் மண்ணிறம். ஆகவே டெங்கு இல்லை என்று தெரியும்வரை கஞ்சித்தண்ணி, இளநீர், ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் போதும். வலிக்குப் பனடோல் மட்டும். டைக்ளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் கூடாது.

கிளினிக் மருந்து எடுப்பவர்கள் கேட்பது, ஒரு மணித்தியாலம் இடைவெளி விட்டால் சரிதானே என்று. வயிற்றில் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க அது உதவும், அவ்வளவுதான். மரமஞ்சளில் உள்ள பெர்பரின் இரத்தத்தில் உள்ள சீனியைக் குறைக்கும், ஈரல் சில மருந்துகளை உடைப்பதையும் மந்தப்படுத்தும். இரண்டுக்கும் இடைவெளி பரிகாரமல்ல. கிளிக்கிளசைட் எடுக்கும் சலரோகக்காரர் தடிமனால் சாப்பாட்டைக் குறைத்துக் கசாயத்தையும் குடித்தால் சீனி இறங்கிக் கை நடுங்கி வியர்க்கக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க வோர்பரின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. சிறுநீரகம் மாற்றி சைக்குளொஸ்போரின் எடுப்பவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் மரமஞ்சள் ஆகாது. குழந்தையின் மஞ்சட்காமாலையைக் கூட்டிவிடும். கைப்புக்குத் தேன் சேர்ப்பவர்கள் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. ஒரு பைக்கற்றில் எவ்வளவு பெர்பரின் இறங்கும் என்பது தண்டின் பருமனோடும் காய்ச்சும் நேரத்தோடும் மாறுவதால், வைத்தியரும் குளிசையைக் கணக்குப் பார்த்துக் குறைக்க முடியாது. கிளினிக் போகையில் பைக்கற் மட்டையைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

காய்ச்சப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சமஹன் இருக்கிறது. 4 கிராம் தூள், 14 மூலிகை, சுடுதண்ணியில் கரைத்தால் முடிந்தது. அதில் சீனி உண்டு, சலரோகக்காரர் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். காய்ச்சிய கசாயத்துக்கு அது ஈடல்ல, ஆனால் அரைகுறையாகக் காய்ச்சிய கசாயத்தைவிட எவ்வளவோ மேல்.

உங்கள் உடம்புக்கு ஏற்ற கலவை வேண்டுமென்றால் பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் போங்கள். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் சித்த மருத்துவப் பட்டம் படிப்பிக்கிறது, ஆகவே படித்த ஆட்களுக்கு இங்கே பஞ்சமில்லை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் எந்தக் கசாயத்தையும் நம்பியிருக்காமல் மார்பு நோய் கிளினிக்கில் சளிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.