சுவருக்குள் போன 38,500 ரூபாய்: சேலத்தில் டிவி, நெட் ஒயரை மறைக்க ஆள் தேடுகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 38,500 ரூபாய் போச்சு. கூடவே ஹாலில் ஒரு சுவரும் மாடிப்படிச் சுவரும். இன்று காலை வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து பூச்சைக் கொத்திக் காட்டிய பிறகுதான் முழு லட்சணமும் தெரிந்தது. இந்த வேலையைக் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகவே எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீடு கன்னங்குறிச்சிப் பக்கம். ஃபைபர் நெட் பெட்டி ஹாலில் இருக்கிறது. மகன் மாடியில் உட்கார்ந்து பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறான், வைஃபை அங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. மாடிக்கு ஒரு நெட்வொர்க் கேபிள், புது டிவிக்குப் படம் கொண்டுபோகிற எச்டிஎம்ஐ ஒயர், டிஷ் ஒயர், எல்லாம் சுவருக்குள் போக வேண்டும் என்று முடிவு செய்தோம். தொங்குகிற ஒயரைக் கண்டாலே என் மாமியாருக்கு ஆகாது.

கேமரா மாட்டுவது, டிவி மாட்டுவது, நெட்வொர்க் இழுப்பது என்று எல்லாம் செய்து தரும் ஒரு கடை. பெரிய போர்டு, உள்ளே ஏசி, வாசலில் கடைப் பெயர் ஒட்டிய வண்டிகள். அளவெடுக்க முதலாளியே வந்தார். டிவிக்குப் பின்னால் மரப் பேனல் போடலாமா என்று நான்தான் கேட்டேன். "எதுக்குங்கக்கா, 25 ஆயிரம் தண்டம். ஒயரை உள்ள விட்டுட்டா சுவரே அழகா இருக்குங்க" என்றார். கைக்கு வருகிற காசை வேண்டாம் என்று சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அப்புறம் பையிலிருந்து ஒரு துண்டு கேபிளை எடுத்து, கம்பியை பிளேடால் சுரண்டி, "பாருங்கம்மா, அசல் செம்பு" என்று மாமியார் கையிலேயே கொடுத்தார். மாமியாரின் பிறந்த ஊர் வாழப்பாடி என்று தெரிந்ததும், "எங்கம்மாவுக்கும் அந்தப் பக்கந்தாங்க" என்றார். அதற்கு மேல் கேட்க வேண்டுமா? காபி, முறுக்கு, 20,000 முன்பணம்.

அடுத்தது கேளுங்கள். "கட்டிங் மிஷின் போட்டா வீடு பூரா தூசி பறக்கும், அம்மாவுக்கு வீசிங் வேற. ரெண்டு நாள் ஏற்காடு போயிட்டு வந்துடுங்க, நாங்க பாத்துக்கிறோம்." அக்கறை என்றுதான் எடுத்துக்கொண்டோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு இறங்கி வந்தால், சுவரைப் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட்கூட ஒரு கோட் அடித்து முடித்திருந்தார்கள். உள்ளே என்ன வைத்தார்கள் என்று பார்த்த கண் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அதற்காகத்தான் அந்த ஏற்காடு என்று இப்போது புரிகிறது. மீதி 18,500 அங்கேயே கைமாறியது. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா 18 பர்சன்ட் ஏறும்க்கா" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. டிவி படம் திடீர் திடீரென்று கறுத்துப்போய் மறுபடி வரும். மகனுக்கு வேறு தலைவலி. நாங்கள் கட்டுவது 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு. பெட்டிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்தால் 300 வருகிறது, மாடியில் இவர்கள் இழுத்த கேபிளில் சொருகினால் 94ஐத் தாண்டவில்லை. கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியில் ஒன்று போனாலும் வேகம் 100க்கு இறங்கிவிடலாம் என்று அவன் போனில் எடுத்துச் சொன்னான். கடைக்காரர் "ரவுட்டரை மாத்திப் பாருங்க தம்பி" என்றார்.

மாற்றினோம். அதே 94. பிறகு நெட் கம்பெனியைக் கேட்கச் சொன்னார். டிவிக்கு, "போர்ட் கம்ப்ளெய்ன்ட், டிவிக்காரனைக் கூப்பிடுங்க." டிவிக்காரர் வந்து, டிஷ் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்துச் சின்ன ஒயரில் போட்டுக் காட்டிவிட்டு, டிவியில் குறையே இல்லை என்று போய்விட்டார். அதைச் சொன்னால், கோட்டை மாரியம்மன் பண்டிகை, பசங்க லீவு. பண்டிகை முடிந்து கேட்டால், வேலை செய்த பையன் ஏற்காட்டில் ரிசார்ட் வேலையில் இருக்கிறானாம், அங்கே டவர் கிடைக்காதாம். நாங்கள் ஏற்காட்டில் இருந்தபோது இதே முதலாளி எங்களுக்கு வீடியோ கால் போட்டுப் பெயிண்ட் கலர் கேட்டாரே!

கடைசியில் நேரில் போய் நின்றேன். அன்றைக்குக் காபி குடித்த மனிதர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வாரண்டி கேபிளுக்குத்தாங்க, சுவருக்கு இல்ல. சுவத்தை உடைச்சு எடுத்துட்டு வாங்க, கேபிள் கெட்டிருந்தா புதுசு தர்றோம்." அக்காவும் காணோம், வாழப்பாடியும் காணோம். 38,500 வாங்கிய வாய்!

சரி, இன்று காலை உடைத்தோம். இரண்டு முனையிலும் சுவரில் பதித்த சுவிட்ச் பெட்டிக்கு வெளியே ஓரடி பைப் பார்வைக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் பைப்பே இல்லை, கேபிளை அப்படியே சிமெண்ட்டுக்குள் வைத்துப் பூசியிருக்கிறார்கள். முழுக்க பைப் போட்டிருந்தால் பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துவிடலாம், சுவரைத் தொடவே வேண்டாம். மாடிப்படியில் சுவர் வெட்டுகிற வேலை மிச்சம் என்று லைட் ஒயர் போகிற பழைய பைப்புக்குள்ளேயே நெட் கேபிளைத் திணித்திருக்கிறார்கள். 230 வோல்ட் ஓடுகிற ஒயரோடு உரசிக்கொண்டு! அந்த ஒயரின் தோல் எங்காவது கிழிந்தால் என் மகன் லேப்டாப் வரைக்கும் கரண்ட் வரும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நடுவழியில் நீளம் போதாமல் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் வேறு. கம்பியைச் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம். கேட் 6 (Cat 6, நெட் கேபிளின் தர வகை) என்று மேலே அச்சடித்திருக்கிறது, எழுத்துக்கு என்ன குறைச்சல். மாமியார் கையில் கொடுத்த துண்டு வேறு, சுவருக்குள் போனது வேறு. எச்டிஎம்ஐ ஒயர் கிட்டத்தட்ட 12 மீட்டர். அவ்வளவு நீளத்துக்குச் சாதா ஒயரில் 4கே படம் ஒழுங்காக வராது, ஒளியில் படத்தை அனுப்புகிற ஆப்டிகல் வகைதான் போட வேண்டுமாம். இதெல்லாம் தெரியாமலா ஒருவர் கடை வைத்திருப்பார்?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மேஸ்திரி வந்து நிற்கிறார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூசுவதற்கு முன் முனைக்கு முனை பைப் இருக்கிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டுக்குத் தனிப் பைப், நெட்டுக்குத் தனிப் பைப். கேபிள் சுருளை உங்கள் எதிரில் பிரித்து, அதிலிருந்தே ஒரு துண்டு வெட்டிச் சுரண்டச் சொல்லுங்கள். வேகத்தை ஓட்டிப் பார்க்காமல் சுவரை மூட விடாதீர்கள், மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள். வேலை நடக்கும்போது வீட்டில் ஒருவராவது இருங்கள். பில் வாங்குங்கள், எஸ்டிமேட் சீட்டு அல்ல.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். ஜிபே ரசீது, அந்தச் சீட்டு, இன்று உடைத்தபோது எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. புகார் முடியும்வரை கடைப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார், அதனால் பெயர் கேட்காதீர்கள். மாடிப்படிச் சுவரை முழுக்கக் கொத்த வேண்டும் என்கிறார் மேஸ்திரி. அதற்கு அவர் சொல்லும் கூலி 38,500க்கு மேல்.