ட்ரெய்லருக்குப் பக்கம் உயர்த்தி மூன்று வருடம்: எது நின்றது, எது ஊறிப்போனது

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் என் கேம்பிங் ட்ரெய்லரின் பக்கங்கள் வாங்கியபோது வெறும் 30 செ.மீ. உயரம். கூடாரத்தையும் இரண்டு தண்ணீர் கேனையும் வைத்தாலே சாமான் வைக்கும் தொட்டி பாதி நிறைந்துவிடும். மிச்சத்தை மேலே குவித்து, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி ஓட்டுவோம். ஒரு பயணத்தில் சுருட்டி வைத்திருந்த மெத்தை எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. ஊர் திரும்பியதும் பக்கங்களை இன்னும் 40 செ.மீ. உயர்த்தினேன். போன மாதம் மொத்தத்தையும் கழற்றிச் சீர் செய்து மாட்டினேன். கழற்றிப் பார்த்தபோதுதான் பல விஷயம் பிடிபட்டது.

தொட்டி 180க்கு 120 செ.மீ. நான்கு பக்கமும் 12 மி.மீ. ப்ளைவுட் பலகை, அதைத் தாங்க 40 மி.மீ. சதுரக் குழாயில் எட்டுக் கால்கள். தொட்டியின் வெளிப்பக்கம் 50 மி.மீ. குழாயைத் துண்டு போட்டு வெல்டிங் வைத்து, அதற்குள் கால்களைச் செருகினேன். பலகைகளைத் தொட்டியோடு நிரந்தரமாகப் போல்ட் போட்டுவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். நல்லவேளை, கேட்கவில்லை. மண் அள்ளவோ பழைய கட்டிலை ஏற்றவோ ட்ரெய்லர் தேவைப்படும்போது பத்து நிமிடத்தில் பலகைகளை உருவிவிடலாம். வெல்டிங் வைக்கும் இடத்தில் நாகப் (ஜிங்க்) பூச்சு இருந்தால் முழுக்க உரசி எடுத்துவிட்டு வையுங்கள். அந்தப் புகையை இழுத்தால் அன்று ராத்திரி காய்ச்சலோடுதான் படுக்க வேண்டும்.

செருகு குழாய்கள் எட்டில் இரண்டுக்கு மட்டும், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அடிவாயை மூடியிருந்தேன். புத்திசாலித்தனம்! திறந்து விட்ட ஆறும் இன்றும் சுத்தமாக இருக்கின்றன. மூடிய இரண்டிலும் மழைத் தண்ணீர் தேங்கி, காலைத் துரு கவ்விப் பிடித்துக்கொண்டது. சுத்தியலால் தட்டித் தட்டி எடுப்பதற்குள் அரை நாள் போனது.

ஆனால் பெரிய அடி வாங்கியது பலகைதான். முகப்பு இரண்டுக்கும் மூன்று கோட் பெயின்ட் அடித்தவன், விளிம்புக்கு ஒரு கோட்டோடு விட்டுவிட்டேன். ப்ளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். தொட்டியின் மடிப்பில் நேராக உட்கார்ந்திருந்த அடிவிளிம்பு நனைந்த அட்டைப்பெட்டி போல அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. அளந்தால் 12 மி.மீ. பலகை அந்த இடத்தில் 15 காட்டியது. விரல் நகத்தால் கீறினால் நார் நாராக வருகிறது. கெட்ட பகுதியை 2 செ.மீ. உயரத்துக்கு அறுத்து எறிந்தேன். புது விளிம்புக்கு எபாக்ஸி (இரண்டு திரவத்தைக் கலந்து பூசும் பிசின்) இரண்டு தடவை. முதல் தடவை பூசியதை மரம் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும், இரண்டாவதுதான் மேலே நிற்கும். போல்ட் ஓட்டைகளையும் ஒரு அளவு பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி ஊற்றிக் காயவிட்டு, அதன் நடுவே மறுபடி துளைத்தேன். இப்போது பலகை தொட்டியைத் தொடுவதில்லை. ஒவ்வொரு கால் பக்கத்திலும் ஒரு ரப்பர் துண்டின் மேல் நிற்கிறது, இடையில் தண்ணீர் ஓடிவிடுகிறது.

சத்தம் ஒரு தனிக் கதை. காலி ட்ரெய்லர் மேடு பள்ளத்தில் போனால் எட்டுக் கால்களும் சேர்ந்து தாளம் போடும். பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துக் கால்களில் சுற்றியதோடு முக்கால்வாசி அடங்கியது.

மூலைகளில் இழுத்துப் பூட்டும் கொண்டி போட்டிருக்கிறேன். அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன்: பைகள் உள்ளிருந்து தள்ள, நீளப் பலகை நடுவில் வயிறு போட்டது. கொண்டி போட்ட பிறகும் நீண்ட பயணத்தில் குறுக்கே ஒரு ராட்செட் பட்டை (நெம்பி இறுக்கும் நாடா) கட்டாமல் கிளம்புவதில்லை.

இனி, கட்டும்போது யோசிக்காத விஷயம். பலகை 17 கிலோ, கால்கள் 12, கொண்டி, கீல், போல்ட் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 33 கிலோ. ட்ரெய்லர் தாங்கும் எடை கூடவில்லை, அதிலிருந்து இந்த 33 போய்விட்டது. இடமோ 860 லிட்டர் கூடியிருக்கிறது. இடம் இருந்தால் கை சும்மா இருக்குமா? முதல் பயணத்திலேயே தண்ணீர், கேஸ் அடுப்பு, கருவிப்பெட்டி என்று கனமானதையெல்லாம் எடுக்க வசதியாகப் பின் கதவை ஒட்டி அடுக்கினேன். 80 கி.மீ. வேகத்தில் ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்ததில் தானாக அடங்கியது. ஓரங்கட்டி எல்லாவற்றையும் இறக்கி, கனமானதைச் சக்கர அச்சுக்கு மேலும் சற்று முன்னாலும், தரையோடு தரையாக வைத்தோம். இப்போதெல்லாம் கிளம்பும் முன், காரில் மாட்டும் ட்ரெய்லர் கொக்கியை, உடல் எடை பார்க்கும் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி அதில் இறக்கிப் பார்க்கிறேன். மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் அங்கே இறங்கினால் சாது மாதிரி வருகிறது. பக்கக் காற்று மட்டும் முன்னைவிட நன்றாகவே உறைக்கிறது, அதற்கு வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

தார்ப்பாய் நடுவில் குளம் கட்டாமல் இருக்க, வளையும் பிளாஸ்டிக் குழாயை வில்லாக வளைத்து எதிரெதிர்க் கால்களின் வாயில் செருகினேன். மொத்த வேலையில் மிகச் சுலபமானது, மிகவும் பயன்படுவதும் அதுதான்.

பின் பலகையைக் கீழ்க்கீலில் இறக்கி, இரண்டு சங்கிலியில் நிறுத்தினால் மேசை. சமையல், சீட்டாட்டம், மெழுகுவத்தி வெளிச்சத்தில் வரைபடம் பார்ப்பது எல்லாம் அதில்தான். இறக்கி வைத்தால் பின் விளக்கும் நம்பர் ப்ளேட்டும் மறையும் என்பதால், நீளமான சாமான் ஏற்றினாலும் அதைத் திறந்து வைத்து ஓட்டுவதில்லை. இடது கீலில் இப்போது லேசாக ஆட்டம் தெரிகிறது. யாரோ மேசையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.