நிறுவன விழாவுக்கு டெக் மேஜிக்: டேப்லெட்டா, எல்இடி திரையா, ஹாலோகிராமா?

நிறுவன விழாவுக்கு மேஜிக் ஷோ ஏற்பாடு செய்ய விசாரித்தால், இப்போது பெரும்பாலும் மூன்று வகையைச் சொல்கிறார்கள். டேப்லெட்டோடு விருந்தினர்களிடையே சுற்றி வருபவர், எல்இடி திரையோடு சேர்ந்து மேடையில் செய்பவர், ஹாலோகிராமோ டிரோனோ கொண்டு வருபவர். டெமோ வீடியோவில் மூன்றுமே பிரமாதமாகத்தான் இருக்கும். அதை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வீடியோ எடுத்த கேமரா நல்ல இடமாகப் பார்த்து நின்றிருக்கும். உங்கள் விருந்தினர்கள் அரங்கின் மூலை முடுக்கெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள்.

வித்தைக்காரர்கள் விஞ்ஞானத்தைக் கையில் எடுத்தது இன்று நேற்றல்ல. 1856இல் பிரெஞ்சு அரசு மேஜிக் கலைஞர் ராபர்ட்-ஹூடினை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே அவர் நடத்திய ஷோவில், சாதாரணமாகத் தூக்க முடிந்த ஒரு சிறிய பெட்டி, அடுத்த நிமிடம் ஒரு பலசாலிக்கும் அசைந்து கொடுக்கவில்லை. காரணம், அடியில் மறைந்திருந்த மின்காந்தம். கருவி யார் கண்ணிலும் படவில்லை, அதிசயம் மட்டும் பார்வையாளரின் கையிலேயே நடந்தது. எந்த டெக் மேஜிக்கையும் இதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

டேப்லெட் மேஜிக் இதில் நன்றாகவே தேறுகிறது. ஜெர்மனியின் சைமன் பியரோ ஐபேடை வைத்தே பெயர் வாங்கியவர். திரைக்குள் ஒரு நாணயம் சுழன்றுகொண்டிருக்கும். கலைஞர் டேப்லெட்டைச் சாய்ப்பார், நாணயம் விளிம்புக்குச் சரிந்து வந்து விருந்தினரின் உள்ளங்கையில் விழும். உலோகத்தின் குளிர்ச்சி கையில் பட்ட பிறகு ‘இது ஆப்’ என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. வரவேற்பு நேரத்தில் ஆறேழு பேர் கூடி நிற்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. நாணயத்துக்குப் பதில் உங்கள் லோகோ பதித்த பொருளையும் வரவைக்கலாம். ஆனால் பெரிய அரங்கின் பின்வரிசைக்கு எதுவும் தெரியாது. கேமரா வைத்துப் பெரிய திரையில் காட்டினால் திரைக்குள் திரை ஆகிவிடும், சந்தேகமும் கூடவே வரும்.

எல்இடி திரை மேஜிக் தயாரிப்பு அறிமுகத்துக்கு ஏற்றது. கலைஞர் திரைக்குள் கைவிட்டுப் பொருளை வெளியே எடுக்கும் அந்த நொடிக்கு மேடையில் தனி மதிப்பு உண்டு. செலவும் உழைப்பும் இங்கேதான் அதிகம். உங்களுக்கென்று காட்சிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். அரங்கத் திரையின் நீள அகல விகிதம் முன்கூட்டியே தெரிய வேண்டும். 16:9க்குச் செய்ததை நீண்ட திரையில் ஓட்டினால் கையும் காட்சியும் ஒட்டாது. ரிஹர்சல் அதே திரையில் நடக்கட்டும். நேரம் அரை நொடி தப்பினாலும் ‘ஓ, இது வீடியோ’ என்று அரங்கமே கண்டுபிடித்துவிடும். அதனால் பேசும்போதே ஒன்றைக் கேளுங்கள்: இந்த நிகழ்ச்சியில் பார்வையாளர் தன் கையால் என்ன செய்கிறார்? பதில் இல்லை என்றால் அது அனிமேஷன் படம்தான்.

ஹாலோகிராம் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, 1862இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் காட்டிய ‘பெப்பர்ஸ் கோஸ்ட்’ உத்திதான்: சாய்த்து வைத்த கண்ணாடியிலோ மெல்லிய படலத்திலோ விழும் பிம்பம். அதற்கு இருட்டு வேண்டும், ஆழமான மேடை வேண்டும், பார்ப்பவர்கள் நேரெதிரே இருக்க வேண்டும். வட்ட மேசைகள் போட்ட விருந்துக் கூடத்தில் இதைத் தவிர்த்துவிடுங்கள். டிரோனுக்கு அரங்கின் அனுமதி, பாதுகாப்பு இடைவெளி, விசிறிச் சத்தம் என்று பாடு அதிகம்.

விற்பவர்கள் அவ்வளவாக முன்வைக்காத நான்காவது வகை ஒன்று உண்டு. விருந்தினரின் சொந்தப் போனிலேயே நடக்கும் வித்தை. சிலர் சொல்லும் எண்களை ஒருவர் தன் போன் கால்குலேட்டரில் பெருக்குகிறார், விடையாக நிறுவனம் தொடங்கிய தேதி வந்து நிற்கிறது. பெரிய செட்டப் எதுவும் வேண்டாம், பின்வரிசையில் இருப்பவரும் ஒரு எண்ணைச் சொல்லிப் பங்கேற்கலாம். பட்ஜெட் குறைவு, கூட்டம் அதிகம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். சிலர் வைத்திருப்பது அலுவலகப் போனாக இருக்கலாம், அதை வெளியாள் கையில் கொடுக்க நிறுவன விதி இடம் தராமல் போகலாம் என்பதால், போன் உரியவர் கையிலேயே இருக்கும் வித்தையாகக் கேளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒப்பந்தத்தில் இவற்றை எழுதி வாங்குங்கள்: மாற்றுக் கருவி, ரிஹர்சல் நேரம், காட்சிகளை இயக்கப்போகும் ஆள். இணையம் தேவைப்படும் வித்தை என்றால் அரங்கின் வைஃபையை நம்பாமல் தனி இணைப்பு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் சேர்ந்தால் அது திணறிவிடும்.