வேர்ச்சொல் பார்த்துப் பிழை திருத்துவது: சில வருட அனுபவம்

மெய்ப்புத் திருத்துகிறவர்களிடம் 'பிழையும் திருத்தமும்' பட்டியல் ஒன்று கைமாறிக்கொண்டே இருக்கும். நான் அதை மூடி வைத்து ரொம்ப நாளாகிறது. சந்தேகம் வந்தால் சொல்லின் பகுதியை, அதாவது அதன் வேரைப் பிரித்துப் பார்ப்பேன். அப்படியும் தீராவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற அகராதிதான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இப்போது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் காசில்லாமல் தேடலாம்.

சொல் திரிகிற இடத்தில்தான் இந்த முறைக்கு முழுப் பலன். 'பதட்டம்' என்று நாளிதழிலேயே வருகிறது. பகுதி பதறு, ஆகவே பதற்றம். 'சுவற்றில்' இதற்கு நேர்மாறு. கிணறு கிணற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும். சுவருக்கு 'று' ஏது? சுவரில்தான். பூவைக் 'கோர்த்து' என்று எழுதுகிறார்கள். பகுதி கோ; பூத்து, காத்து மாதிரி கோத்து.

எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டுநர். ஓட்டு என்ற வினையோடு 'நர்' சேர்கிறது. அதனால் இயக்குநர், பெறுநர், அனுப்புநர் எல்லாவற்றிலும் ந. அப்புறம் உறுப்பினருக்கு மட்டும் ஏன் ன? உறுப்பு பெயர்ச்சொல், நடுவில் 'இன்' என்ற சாரியை, அதாவது இணைப்புச் சொல், வந்து உட்கார்ந்திருக்கிறது. இது புரிந்தபின் இந்த வகைச் சொற்களில் கை தயங்குவதே இல்லை.

ஆனால் பகுதியிலேயே சந்தேகம் என்றால் முறை கைவிட்டுவிடும். கொல் கொன்றான் ஆகும், கொள் கொண்டான் ஆகும், சரி. பல்லிக்கு எந்த ல, வாழைக்கு எந்த ழ என்று கேட்டால் வேர் பதில் சொல்லாது. படித்துப் படித்துக் கண்ணில் பதிய வேண்டியதுதான். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

லெக்சிகன் தரும் சொற்பிறப்பை அப்படியே நம்புவதும் இல்லை. தமிழ்ச் சொற்கள் பலவற்றை வடமொழிக் கணக்கில் எழுதிவிட்டது என்று தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் கடுமையாகச் சாடினார்; 1974இல் தமிழக அரசு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரையே இயக்குநராக்கியது. எழுத்துப்பிழை திருத்த இந்தச் சண்டை தேவைப்படாது. சொல்வளத்துக்காகத் தேடுகிறவர்கள் இரண்டு தரப்பையும் பார்க்கலாம். ஒலி ஒத்தாலே உறவு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் சொல்லாராய்ச்சியை நான் திறப்பதே இல்லை.

புதிதாகத் தேடுகிறவர்கள் கவனிக்க: லெக்சிகனில் வினைகள் 'பதறு-தல்' என்ற வடிவில்தான் தலைச்சொல்லாக இருக்கும். 'பதறினான்' என்று போட்டுவிட்டுச் சொல்லே இல்லை என்று திரும்பிவிடாதீர்கள்.