காசநோயாளி உள்ள வீட்டுக்கு 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்: வாங்கலாமா?

திருநெல்வேலியில் மேலப்பாளையம், பாளையங்கோட்டை பக்கத்து வளவு வீடுகளில் தார்சா (முன்னறை), பட்டாசல் (கூடம்), அடுப்பங்கரை எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் நடு அறைக்கு ஜன்னலே கிடையாது. காசநோய் என்றதும் ஆளை அங்கேதான் படுக்கப் போடுகிறார்கள். அது தப்பு. இருமலில் வரும் கிருமி அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். தட்டையும் டம்ளரையும் ஒதுக்கிப் பயனில்லை, காற்றைத்தான் வெளியே தள்ள வேண்டும். முதலில் படுக்கையை வெளிச்சுவர் உள்ள அறைக்கு மாற்றுங்கள். அப்புறம் ஃபேன் வாங்கலாம்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே சுமார் 28 கன மீட்டர் காற்று. காற்றில் பரவும் நோய்க்கு மருத்துவமனை அறையில் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும் என்பார்கள். அப்படியானால் மணிக்கு 340 கன மீட்டர் தேவை. பாத்ரூமுக்கு விற்கும் 6 அங்குல ஃபேன் பலவும் இதை எட்டாது. வலையும் ஷட்டரும் வேறு காற்றைக் குறைக்கும். பெட்டியில் மணிக்கு 600 கன மீட்டருக்கு மேல் என்று போட்டிருக்கும் 9 அங்குல ஃபேனே சரி. வாடகை வீட்டில் சுவரை உடைக்க வேண்டாம். ஜன்னலின் ஒரு கதவைக் கழற்றி, வட்டம் வெட்டிய பிளைவுட் பலகையில் மாட்டி, சுற்றிலும் இடுக்கை அடைத்தால் போதும்.

மாட்டும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபேனுக்குப் பக்கத்திலேயே கதவு திறந்திருந்தால் கதவுக் காற்றையே இழுத்துத் தள்ளும், படுக்கைப் பக்கம் அப்படியே தேங்கிக் கிடக்கும். காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். நோயாளியின் தலைமாடு ஃபேன் பக்கம், மற்றவர்கள் உட்காருவது காற்று வரும் பக்கம். பீடி சுற்றும் நூலில் ஒரு சாண் எடுத்து வாசல் நிலையில் பிடித்துப் பாருங்கள். நூல் அறைக்குள் வளைந்தால் சரி. தொங்கியே நின்றால் காற்று வர வழியில்லை, எதிர் ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை இந்தச் சின்ன இறக்கை எதிர்த்து நிற்காது. அறைக் காற்று திரும்ப வீட்டுக்குள்ளேயே வரும். கிழக்கு அல்லது வடக்குச் சுவர் நல்லது. அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்து ஊத விடாதீர்கள். அடுப்பங்கரையில் விறகு எரிந்தால் இடைக்கதவைச் சாத்துங்கள், இல்லையென்றால் புகை முழுவதும் நோயாளி மேல்தான் வரும்.

பீடி வீடுகளில் புகையிலைத் தூள் இறக்கையில் அப்பி வேகத்தைக் குறைக்கும். வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். மோட்டாரில் ஈரம் படக்கூடாது. அந்த அறையில் பீடி சுற்றுவதையே நிறுத்தினால் இன்னும் நல்லது.

சளிக்கு ஃபேன் உதவாது. அதைத் துப்ப, மூடி போட்ட டப்பாவில் கிருமியைக் கொல்லும் 5 சதவீத ஃபீனால் கரைசல் வேண்டும். தரை துடைக்கும் பினாயில் அதற்கு ஈடாகாது.

மாத்திரை ஒழுங்காகப் போனால் இரண்டு வாரத்தில் பரவுவது வெகுவாகக் குறையும். மருந்துக்குக் கட்டுப்படாத வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டர் போதும் என்கிறவரை ஃபேன் ஓடட்டும். கரண்ட் போனால் ஜன்னலும் கதவும் திறந்தே இருக்க வேண்டும்.