ஆண்டுக்கு 120 ரூபாய்: ஓய்வுக்குப் பின் ஆறு ஆண்டுகளாக இ.எஸ்.ஐ.

சேலத்தில் ஒரு நூற்பாலையின் ரிங் பிரேம் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை செய்து, 2019-இல் 58 வயதில் ஓய்வு பெற்றேன். சம்பளத்தில் பிடித்தம் செய்து தொழிலாளர் குடும்பத்துக்கு வைத்தியம் தரும் அரசுக் காப்பீடுதான் இ.எஸ்.ஐ. வேலையை விட்டால் அதுவும் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு முன்பே ஓய்வு பெற்ற ஒரு பிட்டர் அண்ணன்தான் ஐந்து ரோடு சந்திப்பில் வழிமறித்து, "ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டு, உனக்கும் உன் மனைவிக்கும் வைத்தியம் தொடரும்" என்று சொன்னார். குறைந்தது ஐந்து ஆண்டு காப்பீட்டில் இருந்து, வயது முதிர்வால் ஓய்வு பெற்றிருந்தால் போதும். பிள்ளைகளுக்குக் கிடையாது.

முதலில் நான் நம்பவில்லை. தனியார் காப்பீட்டை விசாரித்தேன். மனைவிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றார் முகவர். அவர் சொன்ன பிரீமியமோ என் ஓய்வூதியத்தில் ஐந்து மாதத்தை விழுங்கும். அடுத்தது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அப்போது குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். பிறகு 1,20,000 ஆக உயர்த்தினார்கள். பெரிய அறுவை சிகிச்சை வந்தால் அதைப்போல் கைகொடுப்பது வேறில்லை.

ஆனால் வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டியபோது ஒன்று புரிந்தது. முந்தைய ஆண்டு முழுவதும் நாங்கள் இருவரும் ஒருநாள்கூட மருத்துவமனையில் படுக்கவில்லை. மருந்துக் கடைக்கு மட்டும் மாதம் தவறாமல் பணம் போயிருந்தது. காப்பீட்டு அட்டை படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். மாதாந்திர இன்சுலினுக்கும் பிரஷர் மாத்திரைக்கும் அது பேசாது. இ.எஸ்.ஐ.யில் வெளிநோயாளியாகப் போனாலும் மருந்து உண்டு. அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

சேருவது எளிது என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்றதற்கான சான்றை ஆலை தர வேண்டும். எங்கள் ஆலையின் பதிவேட்டில் என் இனிஷியல் ஒன்று, ஆதாரில் வேறொன்று. அதைத் திருத்தி வாங்க இரண்டு மாதம் நடந்தேன். என்னோடு முன்பு வேலை செய்த ஒருவர் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிட்டார். அவர் கடைசியாக வேலை செய்த வேறோர் ஆலை மூடப்பட்டதும் சான்று தர ஆளே இல்லை. இருபது ஆண்டு பிடித்தம் கொடுத்த மனிதர், இன்று இன்சுலினைக் கைக்காசில் வாங்குகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மாதம் ஒருமுறை காலை ஏழரைக்கே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்விடுவேன். தாமதித்தால் அரைநாள் போய்விடும். இரத்தப் பரிசோதனை, மாத்திரை, இன்சுலின் எதற்கும் கட்டணம் இல்லை. 2023-இல் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. ஆட்டோக் கூலியைத் தவிர ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. 2021-இல் ஒருமுறை கொரோனாக் குழப்பத்தில் 120 ரூபாயைக் கட்ட மறந்து, இடையில் மூன்று வாரம் வெளியில் மருந்து வாங்கினேன். ஓர் ஆண்டுக்கான தொகையை முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும். அதிலிருந்து காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கிறேன்.

என் அக்காவின் கதை வேறு. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்தில் அப்போது இ.எஸ்.ஐ. பிடித்தமே கிடையாது, எஸ்டேட் மருத்துவம்தான், அதுவும் வேலை இருக்கும்வரை. அவருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் துணை. 2022-இல் நெஞ்சுவலி வந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறக்கி, சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். அந்த அட்டையில்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். பிரஷர் மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டம் இல்லாவிட்டால் மாத்திரைக்காக மாதாமாதம் அவர் அலைய வேண்டியிருக்கும். அக்காவுக்கு எது பொருந்தும் என்று கேட்டால் அந்த அட்டையைத்தான் சொல்வேன்.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்த மேஸ்திரிகளும் சூப்பர்வைசர்களும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: மாதம் 30,000 ரூபாய் வரை வாங்கி ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்த 120 ரூபாய் வசதியை நீட்டிக்க 2024 பிப்ரவரியில் இ.எஸ்.ஐ. நிர்வாகத்தில் முடிவெடுத்தார்கள். 70 வயது ஆனவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆயுஷ்மான் என்ற இலவச மருத்துவக் காப்பீட்டு அட்டை என்று அதே ஆண்டு மத்திய அரசு அறிவித்தபோது, இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களும் அதைப் பெறலாம் என்றே சொன்னார்கள்.

போன வாரம் சூரமங்கலத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். வருகிற மாதம் அவனுக்கு ஓய்வு. அவனுடைய ஆதாரையும் ஆலை அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம். நாளைக் காலை இருவரும் ஆலை அலுவலகத்துக்குப் போகிறோம்.